மரபுச் சின்னங்களில் பயண வீடியோ எடுக்க ஒவ்வோர் இடத்துக்கும் எழுதி வைத்த விதி வேண்டி மனு

அனுப்புநர்:
பயண வீடியோ எடுக்கும் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுற்றுலா மற்றும் பண்பாட்டுத் துறை

பொருள்: மரபுச் சின்னங்களிலும் இயற்கை எழில் மிகுந்த இடங்களிலும் வீடியோ எடுப்பதற்கான விதிகளை ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக எழுதி வாயிலில் வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒன்பது வருடமாகப் பயண வீடியோ எடுத்து வருகிறேன். பழைய கட்டடங்கள், மலைப்பாதைகள், அங்கே வாழும் மக்களின் கைத்தொழில், பாட்டு, இவைதான் என் வீடியோக்களில் இருக்கும். இந்த வேலையில் நான் பட்டதையும் நானே செய்த ஒரு தவறையும் சொல்லி, தங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மனு.

போன வருடம் ஒரு பழைய கோட்டைக்குப் போயிருந்தேன். வாயிலில் ஆளுக்கும் கேமராவுக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள். உள்ளே கொஞ்ச தூரம் போனதும் ஒரு காவலர் கையை நீட்டி மறித்தார். முக்காலி கூடாது என்றார். சரி என்று மடக்கி வைத்தேன். அடுத்த மண்டபத்தில் இருந்தவர், முக்காலி வைக்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய கேமரா கூடாது என்றார். இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் நாலைந்து பேர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தூணின் அடியில் இருந்த ஒரு சிறு யானைச் சிற்பத்தின் முதுகில் செருப்புக் காலை ஊன்றி நின்றிருந்தார். துதிக்கையின் நுனி ஏற்கெனவே உடைந்து, பலர் கால் பட்டு அந்தக் கல் வழவழவென்று ஆகியிருந்தது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது செல்போன்தானே.

காவலர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கையில் எழுதிய விதி எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் வாய்வழி உத்தரவு. அதனால் கருவி பெரிதா சிறிதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஒருவர் எங்கே நிற்கிறார், எதன் மேல் சாய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் முன்பு, பணத்துக்காக எடுக்கும் வீடியோ என்றால் அனுமதிச்சீட்டும் கட்டணமும் உண்டு. 2025 தொடக்கத்தில் கையெழுத்தான ஒரு சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. பொதுமக்கள் போகக்கூடிய இடத்தில், சிறு குழுவாக, கையில் தூக்கிப் போகும் கருவிகளோடு, இடத்துக்கும் மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லாமல் எடுத்தால் அனுமதிச்சீட்டு தேவையில்லை. வீடியோவில் காசு வருகிறதா என்பது அங்கே இப்போது கேள்வியே இல்லை. இது நியாயமாகப் படுகிறது.

இனி என் தவறு. நாலு வருடம் முன்பு, காட்டுக்குள் ஒரு சுனையைப் பற்றி வீடியோ போட்டேன். பாறையில் வெட்டிய படிகள், படியோரம் தேய்ந்துபோன ஒரு கல்வெட்டு, அதன் மேல் விரல் கனத்துக்குப் பச்சைப் பாசி. எழுத்து தெரியட்டும் என்று சாய்வெயில் விழும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். வீடியோ நன்றாகப் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் லொக்கேஷனும் கொடுத்தேன். மறு வருடம் திரும்பிப் போனால் படியில் பாசியே இல்லை. கல்வெட்டின் பள்ளங்களில் யாரோ சாக்பீஸ் தேய்த்திருந்தார்கள், படத்தில் எழுத்து பளிச்சென்று விழ வேண்டும் என்பதற்காக. நான் நின்று எடுத்த அதே இடத்தில் மண் குழிந்து, மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. என் வீடியோவில் பார்த்த அதே கோணத்துக்காகத்தான் அத்தனை பேரும் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள். வீடியோவை அன்றே நீக்கிவிட்டேன். பாசி மட்டும் இன்னும் வரவில்லை.

உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் ஒரு குறுகலான ஆற்றுப் பள்ளத்தாக்கு 2015-இல் ஒரு பாடல் வீடியோவில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த கூட்டத்தின் கால்பட்டுப் பாசிப் பரப்பு நாசமாகி, 2019-இல் அந்த இடத்தையே சில மாதம் மூடினார்கள். அந்தக் குளிரில் பாசி திரும்ப வளரப் பல வருடம் பிடிக்கும். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2000-இல் வெளியான ஒரு திரைப்படத்தால் பேர் பெற்றது. பிறகு படகுகளும் கூட்டமும் சேர்ந்து அங்கிருந்த பவளப்பாறைகளைச் சிதைத்துவிட்டன. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடவில்லை, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வரச் செய்தார்கள். அழிந்தபிறகு போட்ட விதி அது. நான் கேட்பது அழிவதற்கு முன்பே போடும் விதி.

இடம் மட்டுமில்லை, மனிதர்களும் இருக்கிறார்கள். யுனெஸ்கோ 1972 உடன்படிக்கையில் கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பற்றிப் பேசியது. 2003-இல் பாட்டு, சடங்கு, கைவினை போன்றவற்றுக்கென்று தனி உடன்படிக்கை வந்தது. நெசவு செய்யும் ஒரு பாட்டி தறியோடு சேர்ந்து பாடியதை ஒருமுறை எடுத்தேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். அது எங்கெல்லாம் போகும், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்புறம் அவர் பேத்தி போன் செய்து, அந்தப் பாட்டு வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் பாடுவது, பாட்டி உங்களுக்குத் தறியின் தாளம் காட்டத்தான் அதைப் பாடினார், ஊருக்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியாது என்றார். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தேன். முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றும் மனது உறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்த நிலத்துக்கு உரிய அனங்கு மக்கள் புனிதமாகக் கருதும் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்று பாதையிலேயே பலகை உண்டு. எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அந்த மக்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்க யாருக்கும் கஷ்டமில்லை.

ஒட்டுமொத்தமாகத் தடை போட்டுவிட்டால் என்ன என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஷுரி கோட்டையின் முக்கிய மாளிகை 2019 அக்டோபர் 31 அன்று தீயில் எரிந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் முன்பு எடுத்திருந்த படங்களையும் வீடியோக்களையும் சேகரித்து, அதைக் கணினியில் முப்பரிமாணமாக மீட்டெடுத்தார்கள் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும். விடுமுறைக்குப் போன ஒரு குடும்பம் எடுத்த படத்தின் ஓரத்தில் தெரிந்த கூரை விளிம்புகூட அங்கே சான்றாகிவிடுகிறது. எங்கள் கையில் இருக்கும் வீடியோக்களும் அப்படிப்பட்டவைதான். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சுவரில் விரிசல் இருந்ததா இல்லையா என்பதை எங்கள் பழைய பதிவுகள் சொல்லும்.

ஆகவே, துறையின் பராமரிப்பில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதி, வாயிலிலும் துறையின் இணையதளத்திலும் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கே நின்று எடுக்கலாம், எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது, ஃபிளாஷ், முக்காலி, டிரோன் பற்றி என்ன விதி, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அங்கே வாழும் மக்கள் எதைப் படமெடுக்க வேண்டாம் என்கிறார்கள், எந்த இடத்தின் லொக்கேஷனை வெளியிடக் கூடாது, இவ்வளவுதான். கீழே நாலு வரியில் அந்த இடத்தின் உறுதியான வரலாறும் இருந்தால் பெரிய உதவி. கட்டிய காலத்தையும் கட்டியவர் பேரையும் எங்களில் பலர் ஒருவர் வீடியோவைப் பார்த்து இன்னொருவர் சொல்கிறோம். ஒரு தப்பு நூறு வீடியோவில் ஏறிவிடுகிறது. கூடவே, நாங்களாக விரும்பித் தரும் பதிவுகளைத் தேதியோடு வாங்கி வைக்க ஓர் ஆவணக் காப்பகம் அமைத்தால், என் ஒன்பது வருட மூலப் பதிவுகள் முழுவதையும் எந்தக் கட்டணமும் இல்லாமல் கொடுக்கிறேன்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது புரிகிறது. முதலில் ஓர் இடத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை எழுதும்போது அங்கே வேலை செய்யும் காவலர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுகிறேன். கூட்டம் எந்தத் தூணில் சாய்கிறது, எந்தப் படியில் வழுக்கி விழுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நேரில் வந்து விளக்கமளிக்க எந்நாளும் தயாராக இருக்கிறேன். சுனையின் அன்றைய படத்தையும் மறு வருடத்துப் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: புகைப்படங்கள் 2