தீக்கு எதிரே நின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினா, வர்ஜீனியா வட்டாரங்களில் நடக்கும் ஸ்டாக் கார் (சாலைக் காரின் தோற்றத்தில் கட்டிய பந்தயக் கார்) பந்தயங்களில் கார்கள் தீப்பிடித்த வரலாற்றைத் தமிழில் தொகுத்து முடித்திருக்கிறோம். வென்றவர்களைப் பற்றி எழுதிவைக்க ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பெட்ரோல் டேங்க் பொருத்தியவர், உடுப்பு தைத்தவர், தீயணைப்பு சிலிண்டரோடு வளைவில் நின்றவர் ஆகியோர் சொன்னதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. கேட்டபோது தயங்காமல் சொன்னார்கள். தங்கள் பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை வைத்தே நன்றி சொல்கிறோம்.

முதலில், தீக்காயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியருக்கு. 1964 மே 24 அன்று சார்லட் களத்தில் வேர்ல்டு 600 பந்தயம். ஏழாவது சுற்றில் ஜூனியர் ஜான்சன், நெட் ஜாரெட் இருவரின் கார்களும் மோதிக்கொண்டன. பின்னால் வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸின் ஃபோர்டு சுவரில் அடித்துக் கவிழ்ந்தது. டேங்க் கிழிந்து தீ பரவியது. ஜாரெட்டே ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தார். (ஃபயர்பால் என்ற பட்டப்பெயர் தீயால் வந்ததல்ல. பேஸ்பால் ஆடிய நாளில் அவர் எறிந்த பந்தின் வேகத்தால் வந்தது.) ராபர்ட்ஸ் அன்றைக்கு இறக்கவில்லை, ஜூலை 2 அன்றுதான் இறந்தார். தோல் போன உடம்பில் கிருமி நுழைய வழி திறந்தே கிடக்கும், நுரையீரலும் சிறுநீரகமும் வாரக்கணக்கில் போராடித் தோற்கும் என்று அந்த அம்மா விளக்கினார். விபத்துக்கு மறுநாள் பத்திரிகையோடு நிறுத்தாதீர்கள், அடுத்த இரண்டு மாத இதழ்களையும் புரட்டுங்கள் என்று சொன்னவரும் அவரே. ‘காயமடைந்தார்’ என்ற செய்தியோடு முடிந்துபோன பல விபத்துகளின் மீதிக் கதையை அந்த ஒரு யோசனைதான் தேடவைத்தது.

அடுத்தது, பந்தய உடுப்பு தைக்கும் தையல்காரருக்கு. பழைய ஓட்டுநர்கள் பருத்தி உடுப்பைத் தீத்தடுப்புக் கரைசலில் முக்கி உலர்த்திப் போட்டார்கள். பல இடங்களில் வழங்கிய வீட்டுக் கைப்பாகம் ஒன்று: ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் வெந்நீரில் 250 கிராம் போராக்ஸ், 110 கிராம் போரிக் அமிலம். துணி நன்றாக ஊறிய பிறகு பிழியாமல் கொடியில் போட வேண்டும். ஒரு சலவை போதும், அத்தனையும் கரைந்து போய்விடும். மறுபடி முக்காமல் போட்டால் அது வெறும் பருத்திதான். ராபர்ட்ஸுக்கு ஆஸ்துமா இருந்ததால் இந்த ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நோமெக்ஸ் துணி பந்தயத்துக்குள் பரவியது 1967-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதன் இழையே தீத்தடுப்பு கொண்டது என்பதால் சலவையில் அந்தக் குணம் போவதில்லை.

உடுப்பு தீயில் வேகாது என்று நம்புகிறவர்கள் அந்தத் தையல்காரரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பந்தயப் பாதுகாப்புச் சாதனங்களுக்கான எஸ்எஃப்ஐ தரத்தில் 3.2ஏ/1 என்ற ஒற்றையடுக்கு உடுப்பு, இரண்டாம் நிலைத் தீக்காயம் வருமுன் தருவது சுமார் 3 விநாடி. 3.2ஏ/5 உடுப்பு தருவது 10 விநாடி. வட்டாரக் களங்களில் மலிவு என்று முதல் வகையைத்தான் பலர் வாங்குகிறார்கள். பெல்ட் பூட்டைத் திருப்பி, ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஜன்னல் வலையை இறக்கி, தலையை வெளியே நீட்டவே 3 விநாடி போதாது. உள்ளே பாலியெஸ்டர் பனியன் போட்டால் உருகித் தோலோடு ஒட்டும். விளம்பரப் பட்டையை நைலான் நூலால் எல்லா அடுக்குக்கும் சேர்த்துத் தைத்தால், அடுக்குகளுக்கு இடையே இருக்கும் காற்று நசுங்கி அந்த இடத்தில் சூடு நேராக உள்ளே இறங்கும். வெளி அடுக்கில் மட்டும், நோமெக்ஸ் நூலால் தைக்க வேண்டும். எண்ணெய்க் கறையோடு தொங்கும் உடுப்பை அவர் கையால் தொடவே மாட்டார். கறை ஊறிய இடம் திரியாகிவிடும்.

டேங்க் பொருத்தும் பெரியவருக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் நகராது. ராபர்ட்ஸ் காலத்தில் கார்களில் இருந்தது தொழிற்சாலை கொடுத்த மெல்லிய தகர டேங்க், பின்பக்கத்தில் பட்டையால் கட்டியது. பின்னால் இடித்தால் மடிப்போ வாய்க்குழாயோ பிளக்கும். சார்லட் விபத்துக்குப் பிறகு வந்த ஃப்யூயல் செல்லில் மூன்று காப்பு: வெளியே எஃகுப் பெட்டி, உள்ளே நெளியும் ரப்பர் பை, பைக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போன்ற துளை நிறைந்த நுரை. இடித்தால் பை கிழியாமல் நெளியும். நுரை பெட்ரோல் அலைமோதுவதைத் தடுக்கும், ஆவி ஒரேயடியாக வெடிப்பதையும் தணிக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் எரிகிறது? பெரியவர் காட்டியது நான்கு இடம். பைக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி அச்சிட்டிருக்கும், ஆனால் பழைய கார் வாங்குபவர் மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் நுரையைப் பொடியாக்கும். ஃபில்டரில் துகள் வர ஆரம்பித்தால் நுரை போய்விட்டது என்று அர்த்தம், அன்றே மாற்ற வேண்டும். ஆவிக்குழாயில் இருக்கும் கோலி வால்வு அழுக்கில் ஒட்டிக்கொண்டால் கார் கவிழ்ந்ததும் பெட்ரோல் அந்த வழியாக ஊற்றும். நான்காவது, எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ்: வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ரப்பர் இறுகி வெடித்திருக்கும். எஞ்சினில் பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படியல்ல. ஆயில் அழுத்தம் விழுந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லையென்றால், அறுந்த குழாய் வழியே தீக்குப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

வட்டாரக் களங்களில் பெட்ரோலைவிட எஞ்சின் ஆயிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று சொன்ன மெக்கானிக்குகளுக்கும் நன்றி. கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கில் ஓட்டை போட்டால், ஆயில் நேராக எக்ஸாஸ்ட் குழாய் மேல் தெறிக்கும். பற்றவைக்கப் பொறிகூட வேண்டாம், குழாயின் சூடே போதும். ஆயிலைத் தேவைக்கு மேல் ஊற்றி, வழியும் டப்பா நிரம்பி, அதே குழாயில் சொட்டுவதும் உண்டு. எக்ஸாஸ்ட் சூட்டில் தீ பற்றுவது பெரிய பந்தயங்களுக்கும் புதிதல்ல. 2022 செப்டம்பரில் தென் கரோலினாவின் டார்லிங்டன் களத்தில் ஓட்டுநர் கெவின் ஹார்விக்கின் கார் பற்றியபோது, எக்ஸாஸ்ட் அருகே டயர்த் துகள் சேர்ந்ததைப் பற்றித்தான் பேச்சு.

இந்த மடலின் பெரிய பங்கு தொண்டுத் தீயணைப்பாளர்களுக்கு உரியது. வார நாளில் வேறு வேலை, சனிக்கிழமை இரவு களத்தின் வளைவில் காவல். அவர்கள் சொல்லித்தந்த வரிசை இது. காற்று முதுகில் படும்படி நெருங்கு. முதல் வீச்சு எஞ்சினுக்கு இல்லை, ஓட்டுநரின் ஜன்னலுக்கு. அவரிடமிருந்து தீயைத் தள்ளு. ஒருவர் சிலிண்டரிலிருந்து தீயணைப்புப் பவுடர் அடிக்க இன்னொருவர் ஆளை எடுக்க வேண்டும், தனியாளாக இரண்டையும் செய்யப் போகாதே. எஞ்சின் மூடியைத் திறக்காதே. திறந்தால் காற்று புகுந்து தீ முகத்துக்கு எழும்பும். முன் கிரில், சக்கர இடுக்கு வழியாக அடி. 9 கிலோ சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், எனவே இரண்டாவது சிலிண்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பவுடர் தீயை அடக்கும், உலோகத்தைக் குளிர்விக்காது. அணைந்ததாகத் தெரிந்த தீ ஒரு நிமிடம் கழித்து மறுபடி பற்றும். வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பவுடர் அடியில் இறுகிவிடுவதால், மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தலைகீழாக்கித் தட்ட வேண்டும். மெக்னீசியம் சக்கரம் எரிந்தால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

ஓட்டுநர்களிடம் அவர்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: புகை வந்தால் மின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக் பிடிக்கிறதென்றால் தீயணைப்பு வண்டி அருகே வந்து நில்லுங்கள், இடது ஜன்னலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். வெளியேறும் வழி அதுதான்.

2018 மார்ச்சில் வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன் களத்தில் லேட் மாடல் என்ற வகை ஸ்டாக் கார் ஒன்று சுவரில் மோதித் தீப்பிடித்தபோது, பிட்டிலிருந்து (அணிகள் கார்களைப் பழுதுபார்க்கும் இடம்) ஓடிவந்து ஜன்னல் வழியே ஓட்டுநரை இழுத்தவர் அவருடைய தந்தை. காணொளி உலகம் சுற்றியது. தந்தையைக் கொண்டாடிய கையோடு களத்துப் பணியாளர்களைத் திட்டியவர்கள் ஏராளம். அந்த வாதத்தில் நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சுமார் 640 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டக் களத்தில் கார்கள் ஓடிக்கொண்டிருக்கையில் தீயணைப்பு வண்டியை எங்கே நிறுத்தினால் எந்த வளைவுக்கு எத்தனை விநாடி ஆகும் என்று தாளில் வரைந்து காட்டிய இரு தீயணைப்பாளர்களால், அந்தக் காணொளியை வேறு கண்ணோடு பார்க்க முடிந்தது. அவர்களின் வரைபடத்தைத் தொகுப்பில் அப்படியே சேர்த்திருக்கிறோம்.

கடைசியாக, பழைய நிகழ்ச்சி நிரல்களையும் புகைப்படங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பிய குடும்பங்களுக்கு. டேங்கின் வாய், ஜன்னல் வலை, உடுப்பின் கழுத்துப்பட்டி ஆகியவற்றை வைத்துப் பல படங்களின் ஆண்டைக் குறிக்க முடிந்தது. ஜன்னல் வலை கட்டாயமானது 1970-இல் டார்லிங்டனில் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டிக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு என்பதால், வலை உள்ள படம் எதையும் அதற்கு முந்தையது என்று எளிதில் ஏற்கவில்லை. அசல் படங்கள் அட்டை வைத்துக் கட்டி, அவரவர் முகவரிக்கே பதிவுத் தபாலில் திரும்பி வருகின்றன.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்