ராஜிக்கு: முதலில் உன் படிவத்தின் பெயர்ப் பெட்டியைப் பார்

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம், அத்தையின் முட்டிவலி மட்டும் அப்படியேதான். குமார் இன்னும் அந்தக் குடையைத்தான் வைத்திருக்கிறான். மற்ற கதையெல்லாம் நேரில்.

போன வாரம் பக்கத்து வீட்டு மீனாட்சிக்கு ஓர் உதவித்தொகை விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். பெயரைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பிள்ளை போனில் தட்டத் தட்ட பெட்டியில் 'மனடச' என்று வந்து நிற்கிறது! அழித்து மறுபடி அடித்தாலும் அதேதான். "விடுங்க அக்கா, இப்படியே அனுப்பிடலாம்" என்றாள். எனக்கு மனசே கேட்கவில்லை, நாளைக்குச் சான்றிதழோடு ஒப்பிடும்போது யாருடைய பெயர் என்று கேட்பார்கள்?

லேப்டாப்பில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் (பக்கத்தின் நிரலைக் காட்டும் பகுதி) திறந்து பார்த்தால், இன்புட் ஈவெண்டில், அதாவது ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் ஓடும் நிரலில், ஒரே ஒரு வரி: லெட்டரும் இடைவெளியும் தவிர எது வந்தாலும் நீக்கு. எண்ணும் குறியும் வரக்கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலத்துக்கு அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் யூனிகோடில் ம, ன, ட, ச இவைதான் லெட்டர். கால், கொம்பு, புள்ளி எல்லாம் மார்க் என்ற தனி வகை. அதனால் நம் பெயர்களில் உயிர்மெய்யின் உயிரையும் மெய்யின் புள்ளியையும் அது உருவி எடுத்துவிடுகிறது. எதை அனுமதிப்பது என்று சொல்லும் அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனில் மார்க் வகையையும், இனிஷியலுக்கு ஒரு முற்றுப்புள்ளியையும் சேர்த்திருந்தால் போதும், முடிந்தது. நாங்கள் கடைசியில் அலுவலகத்துக்குப் போன் போட்டு, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இதை உனக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நூலகத்துக்கு நீ செய்யும் உறுப்பினர் படிவம். தயவுசெய்து தட்டும்போதே வேல்யூவை, அதாவது பெட்டியில் உள்ளதை, மாற்றாதேடி. ஸ்கிரிப்ட் வேல்யூவை மாற்றி வைத்தால் கர்சர் கடைசிக்கு ஓடிவிடும், பெயரின் நடுவில் ஓர் எழுத்தைத் திருத்துகிறவர் பாவம். அதோடு 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் கீபோர்டுகள் பாதிச் சொல்லைக் கையில் வைத்திருக்கும்போது நீ குறுக்கிட்டால் எல்லாம் குழம்பும். அடிப்பவர் அடித்து முடிக்கட்டும், அப்புறம் சரிபார். தப்பிருந்தால், நாமே பிழைச்செய்தி வைக்க உதவும் செட்கஸ்டம்வேலிடிட்டியில் (setCustomValidity) உன் தமிழிலேயே ஒரு வரி சொல், பிரவுசர் தானாகக் காட்டும் செய்தி அதன் மொழியில்தான் வரும். திருத்தியதும் அந்தச் செய்தியை வெற்றுச் சரமாக்க, அதாவது காலியாக்க, மறக்காதே, இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் படிவம் நகரவே நகராது. இன்னொன்று, ஸ்கிரிப்டிலிருந்து அனுப்புவதாக இருந்தால் சப்மிட்டைக் (submit) கூப்பிடாதே, அது எந்தச் சரிபார்ப்பையும் செய்யாமல் நேரே அனுப்பிவிடும். ரிக்வெஸ்ட்சப்மிட் (requestSubmit) சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பும்.

பெட்டியில் எத்தனை எழுத்து வரை அடிக்கலாம் என்ற மேக்ஸ்லெங்த்தை 20 என்று வைத்திருக்கிறாயே, அதையும் கூட்டு. மீனாட்சி நமக்கு 4 எழுத்து, கால், கொம்பு, புள்ளியைத் தனித்தனியாக எண்ணும் பிரவுசருக்கு 8. அப்பா பெயரும் சேர்ந்து வரும் மீனாட்சி சுந்தரேஸ்வரனுக்கு அந்தப் பெட்டி போதவே போதாது. எழுத்தை நம் கணக்கில் எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter இருக்கிறது, தமிழ் என்பதை 3 என்றே எண்ணித் தரும். கடைசிப் பெயர் என்று கட்டாயப் பெட்டி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு, நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்றே கிடையாது.

ரெக்கார்டு நோட்டில் மார்ஜின் கோணினால் பக்கத்தையே கிழித்தவள் நீ, அந்தப் பிடிவாதத்தை இதில் காட்டு. முடித்ததும் இணைப்பை அனுப்பு, மீனாட்சியை வைத்தே அடித்துப் பார்த்துச் சொல்கிறேன். லதா தையில் வருகிறாளாம், உனக்கும் எழுதினாளா?

அன்புடன்,
தேவி