கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சிங்கப்பூர், ஜூலை 2022

வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் முறுக்கைப் பார்ப்பதில்லை. கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளைத்தான் பார்க்கிறீர்கள். சிலர் படம்கூட எடுக்கிறீர்கள். அந்தத் தாளுக்காக என்னைக் குறை சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு எனக்கும் வந்தது. மைத்துனர் அனுப்பினார், பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் அனுப்பினார், ஜொகூரில் இருக்கும் என் சம்பந்தி "இது உங்க கடையா?" என்று கேட்டு அனுப்பினார். இதற்கு மேல் சும்மா இருப்பது சரியில்லை.

தாளில் இருப்பது இவ்வளவுதான்: "ரஷ்யா உக்ரேன் மீது நடத்தும் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிவிட்டது. நம் விலையும் ஏறுகிறது. பொறுத்துக்கொள்ளவும்." மார்ச் கடைசியில் ஒட்டினேன். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. விலை இறங்காமல் மாதங்கள் ஓடிய பிறகுதான் தாள் மேல் கோபம் வந்திருக்கிறது.

குரல் பதிவில் என்மேல் மூன்று புகார். முதலாவது, ரஷ்யாவை ஆதரித்துப் பேசிய ஒருவரைக் கடையிலிருந்து விரட்டினேன் என்பது. நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை, வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. இரண்டு வாடிக்கையாளர்கள், இருவருமே பல வருடப் பழக்கம், தாளைப் பார்த்து ஆரம்பித்து ஒருவரை ஒருவர் முட்டாள் என்று சொல்லும் வரை போய்விட்டார்கள். "அண்ணே, பின்னால ஆள் நிக்குறாங்க, வெளிய போய்ப் பேசுங்க" என்றேன். இரண்டு பேரிடமும்தான் சொன்னேன். அடுப்புச் சத்தத்தில் என் குரல் பெரிதாகக் கேட்டிருக்கலாம். ஒருவர் வாங்கிய மிக்சரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். காசு கொடுத்த பொருள், எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வந்தாலும் தருகிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய நண்பர்கள் வந்து கல்லாவில் இருக்கும் அக்காவிடம் சத்தம் போட்டது நியாயமில்லை. தாளை ஒட்டியது நான். என்னைக் கேளுங்கள்.

இரண்டாவது புகார், போரைச் சாக்கு வைத்து லாபம் பார்க்கிறேன் என்பது. உலகச் சந்தைக்கு வருகிற சூரியகாந்தி எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி உக்ரேன் எண்ணெய். ரஷ்யாவையும் சேர்த்தால் நான்கில் மூன்று பங்கு. பிப்ரவரி 24 அன்று படை நுழைந்ததும் கருங்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல் கிளம்புவது நின்றது. சூரியகாந்தி கிடைக்காதவர்கள் பாமாயில் பக்கம் ஓட, அதுவும் ஏறியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் மக்களுக்கே போதவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23 அன்றுதான் மறுபடி திறந்தது. அந்த நாட்களில் எண்ணெய் டின் கொண்டுவரும் தம்பி காலையில் சொன்ன விலையை மாலையில் சொல்லமாட்டார். இந்த மாதம் 22ஆம் தேதி இஸ்தான்புல்லில் தானியக் கப்பல்களை விடுவதாக ரஷ்யாவும் கையெழுத்துப் போட்டது. தம்பி உடனே போன் செய்து, "இனி இறங்கும்ணே" என்றார். மறுநாளே ஒடேசா துறைமுகத்தில் ரஷ்ய ஏவுகணை விழுந்தது. கையெழுத்துப் போட்ட மை காயவில்லை. நான் யாரிடம் போய் விலையைக் குறைக்கச் சொல்வது?

நம்மிடம் வெகுகாலமாக வாங்கும் ஓர் ஆசிரியர், "'போரால்' என்று மட்டும் எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லையே" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. போர் என்ன டிசம்பர் மழையா, யாரும் அனுப்பாமல் தானாக வர? லட்சத்துக்கும் மேலான படையை எல்லையில் நிறுத்திக்கொண்டு, தாக்கும் எண்ணமே இல்லை என்று வாரக்கணக்கில் சொல்லிவிட்டு, ஒரு நாள் விடியற்காலையில் நுழைந்தார்கள். அதைச் செய்த அரசுக்குப் பெயர் இருக்கிறது.

மூன்றாவது புகார்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் இந்தியாவுக்கு எதிரியாம். "இந்தியாவே ரஷ்யாவைக் கண்டிக்கவில்லை, இந்த முறுக்குக்காரருக்கு என்ன?" என்று அந்தப் பதிவில் ஒரு குரல் சிரிக்கிறது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். மாவு அரைக்கும் பக்குவம் முதல் குலதெய்வம் வரை எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ரஷ்யா மேல் நம்மவர்களுக்கு இருக்கும் பாசமும் எனக்குப் புரியும். சோவியத் உதவியோடு கட்டிய பிலாய் உருக்காலை, 1971 போரில் இந்தியாவுக்காக ஐநா பாதுகாப்பு மன்றத்தில் பயன்படுத்திய ரத்து அதிகாரம், எல்லாம் உண்மை. என் சித்தப்பா ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் கொண்டுவருவார். வழவழப்பான தாள், கலர் படம், விலையோ ரொம்ப மலிவு. நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அவற்றில்தான். ஆனால் அந்த நட்பு சோவியத் யூனியனோடு. அதில் மாஸ்கோ இருந்ததைப் போலவே உக்ரேன் தலைநகர் கியவ்வும் இருந்தது. இந்திய விமானப் படை இன்றும் லடாக்குக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஏஎன்-32 விமானங்கள் கியவ்வில் செய்தவை. நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போனதும் உக்ரேனுக்குத்தான். மார்ச் 1 அன்று உக்ரேனின் கார்கிவ் நகரில் சாப்பாடு வாங்க வெளியே போன இந்திய மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். சுமி நகரில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பனியை உருக்கித் தண்ணீர் குடித்தார்கள். நட்புக்காகச் சும்மா இருக்க வேண்டும் என்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மார்ச் 2 அன்று ஐநா பொதுச் சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கியவற்றில் உண்டு. ஆயுதம், எண்ணெய், சீன எல்லை என்று இந்தியாவுக்கு அதன் கணக்கு. அதை டெல்லியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னுடைய பாஸ்போர்ட் சிவப்பு. என் நாடு அந்த 141இல் இருந்தது. அதோடு நிற்காமல் ரஷ்ய வங்கிகள் சிலவற்றின் மேல் தானாகவே தடையும் போட்டது. சிங்கப்பூர் இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தபோது வருடக்கணக்கில் எதிர்த்துப் பேசியது. 1983இல் அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் படையை இறக்கியபோது, நண்பன் என்று பார்க்காமல் எதிர்த்து வாக்களித்தது.

"ஈராக்கில் அமெரிக்கா செய்தபோது எங்கே போனாய்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. இதே கடையில்தான் இருந்தேன். 2003இல் நம் அரசு அமெரிக்கா பக்கம் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை, அப்போதும் கல்லாவில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவன் அன்று செய்த அநியாயம் இன்னொருவன் இன்று செய்வதற்கு எப்படி உரிமம் ஆகும்?

அப்புறம் நேட்டோ, அதாவது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. உக்ரேன் அதில் சேரப் பார்த்ததுதான் போருக்குக் காரணம் என்கிறார்கள். ஃபார்வர்டு வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. 1994இல் உக்ரேன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை எல்லாம் கொடுத்துவிடச் சம்மதித்தது. உலகத்திலேயே மூன்றாவது பெரிய கையிருப்பு. பதிலுக்கு உன் எல்லையை மதிப்போம் என்று புடாபெஸ்ட்டில் கையெழுத்திட்டவர்களில் ரஷ்யாவும் ஒன்று. இருபது வருடத்தில் அதே ரஷ்யா உக்ரேனின் கிரைமியாவைப் பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட பக்கத்து நாட்டை வைத்துக்கொண்டு யாரும் துணைக்கு ஆள் தேடத்தான் செய்வார்கள். அதே 2014இல், இதே ஜூலையில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 என்ற மலேசிய விமானத்தைக் கிழக்கு உக்ரேன் வானத்தில் சுட்டு வீழ்த்தினார்கள். 298 பேர். சுட்ட ஏவுகணை வண்டி ரஷ்ய ராணுவப் படைப்பிரிவு ஒன்றுடையது என்று அனைத்துலக விசாரணைக் குழு சொல்லிவிட்டது. எங்கேயோ நடக்கும் சண்டை நமக்கு எதற்கு என்பவர்கள், காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவுக்குப் போய், இறந்தவர்களின் குடும்பங்களைக் கேட்கலாம்.

புதிதாக வந்து குடியேறியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி செய்து, பிள்ளைகளையும் அதற்கு அனுப்பியவர்கள், "பெரிய நாடு என்றால் அப்படித்தான் இருக்கும், சின்ன நாடு அடங்கிப் போகணும்" என்று என் கடையில் நின்று பேசும்போது எனக்குப் பொறுக்கவில்லை. நாம் எந்த ஊரில் நின்று இதைப் பேசுகிறோம்? 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வைத்தது ஒரு பெரிய நாட்டின் ஆட்கள். அப்போது சிங்கப்பூரும் சேர்ந்திருந்த மலேசியா உருவானது இந்தோனேசிய அதிபர் சுகர்னோவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் வங்கியில் வேலை பார்த்தவர்கள் சாக வேண்டியிருந்தது. மூன்று பேர் இறந்து 33 பேர் காயம். அப்பா அப்போது டோபி காட் பக்கம் வேலை. சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்ததைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார். இந்தோனேசியா இன்று நமக்கு நல்ல அண்டை நாடு. ஆனால் அன்று நம் பெரியவர்கள் அடங்கிப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ரொம்ப நீண்டுவிட்டது. கடை விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தனை மாதமாக விலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் வாங்கிப் போகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோவிட் முடக்கமான சர்க்கியூட் பிரேக்கர் காலத்தில் நீங்கள் வீட்டிலிருந்து ஆர்டர் கொடுத்ததால்தான் இந்த அடுப்பு அணையவில்லை. ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வந்து இரண்டு பாக்கெட் ஓமப்பொடி வாங்கிப் போகும் பாட்டி, அலுவலகத்துக்கு மொத்தமாக எடுக்கும் சீன நண்பர்கள், விடுமுறை நாளில் கூட்டமாக வரும் கட்டுமானத் தம்பிகள், எல்லோரையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போரைப் பற்றி என்னோடு ஒத்துப்போகாமல், "உன் அரசியல் வேண்டாம், உன் முறுக்கு வேண்டும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கை கூடவே அள்ளிப் போடுகிறேன்.

கைமுறுக்கும் தட்டையும் வழக்கம்போல் சூரியகாந்தி எண்ணெயில்தான். மற்றவை இப்போதைக்குப் பாமாயிலில், பாக்கெட் 250 கிராமுக்குப் பதில் 200.

தீபாவளி அக்டோபர் 24. மொத்த ஆர்டர்களை செப்டம்பர் கடைசிக்குள் சொல்லிவிட்டால் அன்றைய விலையையே பிடித்து வைக்கிறேன், பிறகு ஏறினாலும் கேட்கமாட்டேன். ஜனவரியில் பொருள், சேவை வரி 8 விழுக்காடு ஆகிறது, அது தனிக் கதை, அப்போது பேசுவோம். தாள் அங்கேயேதான் இருக்கும். பழையது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் படிக்க முடியவில்லை என்று அக்கா சொன்னார், அதனால் வேறு தாளில் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச ஆசைப்படுபவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது, டீ என் செலவு.

அன்புடன்,
உங்கள் முறுக்குக் கடைக்காரன்