வேப்பமரத்தை வெட்டாமல் படகு உள்ளே வருமா?

விரிஞ்சிபுரம்,
ஆடி 12

அன்புள்ள மச்சானுக்கு,

உன் பெண் கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டுப் போனவன் எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி விடவில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் நலமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைவிட்டால் எனக்கு இதைக் கேட்க ஆளில்லை.

படகுக்கு ஷெட் கட்டப் போகிறேன்.

தெருக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து பழவேற்காட்டுப் பக்கமிருந்து பழைய ஃபைபர் படகு வாங்கியதைப் போனில் சொன்னபோது, "பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை, படகு எதுக்குடா" என்று சிரித்தாய். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன ஊர்ப்பக்கம்தான் இது. ஆனால் இரண்டே வருஷத்தில், 2021 கார்த்திகை தீபத்தன்று, அதே ஆறு லட்சம் கன அடியைத் தொட்டுக்கொண்டு வந்தது. நம் தரைப்பாலம் போயிற்று. அதே நாள் பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள். 1903 வெள்ளத்தில் வாணியம்பாடி பட்ட பாட்டை உன் தாத்தா திண்ணையில் சொல்வாரே, அதைக் கதை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கு இட்லிக்கடைப் பாட்டியை லாரி ட்யூபில் உட்கார வைத்து நானும், நாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிற நம் கூட்டாளியும் இழுத்து வந்தோம். ஐம்பதடி தூரம்தான். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்த இடம் மூன்று நாள் கன்றிப் போயிருந்தது. அந்த ட்யூப் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன். படகு அதனால் வந்தது, வேடிக்கைக்கு இல்லை.

வாங்கியதிலிருந்து படகு கோயில் பக்கம் புளியமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தித்தான் நிற்கிறது. போன மாதம் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயில் அதன் மேல்பூச்சைத் தின்றுவிட்டது. பெட்ரோல் குழாயை எலி கடித்திருக்கிறது. ட்ரெய்லர் டயரில் வெடிப்பு. இன்னும் இரண்டு கோடை இப்படியே நின்றால், வெள்ளம் வருகிற அன்று நம்மிடம் படகு இருக்காது. வீட்டை ஒட்டி அப்பா வாங்கிப் போட்ட நாற்பதுக்கு அறுபது மனை சும்மாதானே கிடக்கிறது, அதில் கட்டுகிறேன் என்று மற்ற நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன். உன் தங்கச்சி இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவளே வந்து, "ஒரு ஓரமாக எனக்கு விறகு வைக்க இடம் விடுங்கள்" என்றாள்.

இனி நீ பேனாவை எடு. முப்பது வருஷம் பாலம் போட்டவன் நீ.

படகு பதினாறு அடி. ஆனால் ட்ரெய்லரின் முன்கொக்கி நாலடி நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் மோட்டாரைத் தூக்கி வைத்தால் இன்னொரு ஒன்றரை அடி. ஆக இருபத்தொன்றரை. உள்ளே ஆள் சுற்றி வர வேண்டும், எனவே நீளம் இருபத்தேழு, அகலம் பதின்மூன்று என்று வைத்திருக்கிறேன். நடுவில் தூண் கூடாது. வாசல் அகலம் பதினொன்று, உயரம் ஒன்பது. ஷட்டர் சுருளுக்கு மேலே ஒன்றரை அடி வேண்டும் என்பதால் சுவர் பதினொன்றுக்குக் குறையக் கூடாது. மோட்டார் வைத்த ஷட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளம் வந்தால் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவார்கள். சங்கிலி போட்டுக் கையால் இழுக்கிற ஷட்டர்தான் சரி. இரட்டைக் கதவும் ஆகாது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அதை வெளியே தள்ளித் திறக்க முடியுமா, சொல்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் அடிச்சுவரில் இரண்டு பக்கமும் காற்றுப்போக்கி, ஸ்விட்ச் எல்லாம் நாலடிக்கு மேலே. பெட்ரோல் டேங்க் ஷெட்டுக்குள்ளேயே வராது.

என்னைத் தூங்கவிடாதது தரைமட்டம். 2021 தண்ணீர்க் கறை மனைச் சுவரில் இரண்டேகால் அடியில் இன்னும் தெரிகிறது. அதற்கு மேல் தரையை ஏற்றினால் சாய்தளம் பதினெட்டு அடி ஓடும், தெருவிலிருந்து ட்ரெய்லர் திரும்ப இடம் மிஞ்சாது. சாய்வைச் செங்குத்தாக்கினால் மேட்டில் ஏறும்போது மோட்டாரின் அடிப்பாகம் தரையில் உரசும். ஒன்றரை அடி ஏற்றி, எட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டடிச் சாய்தளம் என்று முடிவு செய்தேன். மீதி முக்கால் அடித் தண்ணீர் உள்ளே வந்தால் சக்கரத்தோடு நிற்கும், பேரிங்குக்கு மறுபடி கிரீஸ் வைத்துக்கொள்ளலாம். சரியா?

காகிதத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை மனையில் முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்பில் ஷெட்டை முழு அளவுக்குக் கோடு போட்டேன். பொலேரோவில் ட்ரெய்லரை மாட்டி, ஒட்டகத்தின் பையன் ரிவர்ஸ் எடுத்தான். படகு எப்போதும் முகம் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும்டா, நடுராத்திரி மழையில் யார் திருப்பிக்கொண்டிருப்பது? ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகிறது. டிப்பர் ஓட்டிப் பழகிய பையன் என்பதால் சமாளித்தான். மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் பின்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டை ஒன்றரை அடி தாண்டி, வலது சுவர் வரவேண்டிய இடத்தில் ஏறி நின்றது. தெரு பதினெட்டு அடி, கேட்டுக்கு உள்ளே நேராக வளைய விடாமல் குறுக்கே நிற்பது வேப்பமரம். நீ விழுந்தாயே, அதே வேப்பமரம்.

மேஸ்திரி, "மரத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது" என்கிறார். அப்பா நட்டது. அம்மா இன்றைக்கும் அதன் கீழேதான் கட்டிலைப் போட்டுக்கொள்கிறாள். என்னால் முடியாது மச்சான்.

அதனால் வேறு யோசனை. ஷெட்டையே மனைக்கு நேராகக் கட்டாமல் கேட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினால்? அன்று சாயந்தரமே புதுக்கோடு போட்டுப் பார்த்தோம். கேட்டைப் பதினான்கு அடியாக்கிக்கொண்டால், இரண்டாவது முறையில் சக்கரம் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் மேஸ்திரி மூலை கோணக் கூடாது, வாஸ்து ஒப்புக்கொள்ளாது என்கிறார். பின்பக்கம் முக்கோணமாக இடம் வீணாகிறது என்று ஒட்டகமும் சேர்ந்து பாடுகிறான். அந்த முக்கோணத்தில் உன் தங்கச்சி விறகை அடுக்கிக்கொள்ளட்டும். என் கவலை அது இல்லை. கடைக்கால் சாய்வாக ஓடும்போது மரத்தின் வேர் எவ்வளவு தூரத்தில் வரும், சுவர் பின்னால் வெடிக்குமா? அடிமரத்திலிருந்து சுவருக்கு ஏழடி விட்டிருக்கிறேன். போதுமா, போதாதா?

ஆடி முடிந்து ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கடைக்கால் தோண்டுகிறோம். ஐப்பசி மழைக்குள் கூரை விழுந்தாக வேண்டும். கார்த்திகைக் கடைஞாயிறு திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்காதே, அதற்குள் சுவர் எழும்பிவிடும். இந்த மாதமே ஒரு நாள் வா. முளைக்குச்சிகளைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். பொலேரோவும் பையனும் தயார். உன் கண்ணெதிரே ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறேன். மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு நீ சொல்கிற இடத்தில் கடைக்கால் வெட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்