முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பல்லை ராவாதீர்கள்

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு நகரங்களில் 'ஸ்மைல் மேக்ஓவர்' பேனர் வைத்திருக்கும் பல் மருத்துவமனை உரிமையாளர்களுக்கும் டாக்டர்களுக்கும்,

வணக்கம். கேரளத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுகளை ஒட்டிய ஊர்களில் பல் வைத்தியம் பார்ப்பவர்களும், பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப்பைச் செய்துகொடுக்கும் லேப் டெக்னீஷியன்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் காவிப் பல்லுக்கு, எடுத்த எடுப்பில் பல்லை ராவி கேப் போடாதீர்கள்.

அந்தக் காவி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை எல்லாம் கேரளத்தில் இருந்தாலும் மழை குறைந்த பூமி. போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்க, பாறையிலிருந்து ஃபுளோரைடு கலந்த தண்ணீர்தான் ஏறுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் எனாமல் உருவாகும்போதே கோளாறு நடந்துவிடுகிறது. முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு இருக்கும், போகப் போகப் பழுப்பாகும். ஒழுங்காகப் பல் விளக்காததால் வந்த கறையில்லை இது, வெற்றிலைக் காவியும் இல்லை. இதைக்கூடச் சொல்லாமல், "அழுக்குப் பல்" என்று பெண்ணின் எதிரிலேயே பேசும் வரவேற்பாளர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். தயவுசெய்து திருத்துங்கள்.

ஊருக்குள்ளேயே சம்பந்தம் முடிந்தால் பல்லைப் பற்றிப் பேச்சே எழாது. இரண்டு வீட்டிலும் அதே தண்ணீர், அதே பல். வரன் கோவைக்கோ திருச்சூருக்கோ போகும்போதுதான் "பொண்ணு லட்சணம், பல்லு மட்டும்தான்..." என்று தரகர் இழுக்கிறார். மாப்பிள்ளையின் பல் எந்த நிறமென்று கேட்பவர் அநேகமாக இல்லை.

உங்கள் பேனரில் சிரிக்கும் பல்வரிசை ஒரு குறிப்பிட்ட நாட்டின் ரசனை. 1930கள் வாக்கில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்ல்ஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய முகப்புகள் செய்தார். படப்பிடிப்புக்கு முன் பசையால் ஒட்டுவது, முடிந்ததும் கழற்றிவிடுவது, பல்லை ராவுவது கிடையாது. கழற்றிவைக்கச் செய்த அலங்காரம்தான் பின்னாளில் நிரந்தர வெனீர் ஆனது. அதே அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களுக்கும் நம் பிள்ளைகளைப் போலவே பழுப்புப் பல்தான் இருந்தது; தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931ல் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் அரசுச் செலவில் கம்பி போட வேண்டுமென்றால், வரிசை எவ்வளவு மோசம் என்று அளவுகோல் வைத்து மதிப்பெண் போட்டுத்தான் அனுமதிக்கிறார்கள். வெளுப்பாக்கும் மருந்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பாவில் 2012 முதல் விதி இருக்கிறது. அமெரிக்கப் பாணியில் இங்கே நாற்காலியில் உட்காரவைத்துப் போடுவது 35, 40 சதவீதம். ஜப்பானில் தூக்கிக்கொண்டிருக்கும் கோரைப்பல் அழகு என்று, செயற்கையாக அதை ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. நம் ஊரிலும் தெத்துப்பல்லை ரசிக்காதவர் யார்? அதைத்தான் உங்கள் பேனர் 'முன்', 'பின்' என்று படம் போட்டு நோயாக்குகிறது. அவ்வளவு தூரம் போவானேன், இதே தாலுகாவின் பரம்பிக்குளம் மலையில் காடர்கள் முன்பற்களைக் கூராகச் செதுக்கி அழகு பார்த்த வழக்கம் நூறாண்டுக்கு முந்தைய பதிவுகளில் இருக்கிறது. காட்டுமிராண்டித்தனம் என்று அன்றைக்கு எழுதியவர்கள் இன்றைய கேப் வேலையைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

வெள்ளைப் பல்லுக்கு ஆசைப்படக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆசை நியாயமானது. அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் கேட்கிறோம்.

கேப்புக்காகப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ராவ வேண்டும். ஈறு ஓரத்தில் எனாமலே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதாவது எனாமல் முழுக்கப் போய், பல்லின் உள் அடுக்கான டென்டினில் கை வைத்தாகிவிட்டது. இருபது, இருபத்திரண்டு வயதில் பல்லின் நரம்பு அறை பெரிதாக இருக்கும். பல்லை ராவும் ஏரோட்டர் கருவியில் தண்ணீர் சரியாக விழாமல் சூடேறினாலோ, ஒரே சிட்டிங்கில் ஆறு பல்லை அவசரமாக முடித்தாலோ நரம்பு செத்துப்போகும். சில மாதமோ சில வருடமோ கழித்து வலியும் சீழும் வரும். பிறகு கேப்பில் ஓட்டை போட்டு ரூட் கேனல். எந்தக் கேப்பும் ஆயுசுக்கும் நிற்பதில்லை. இருபதில் போட்டதை அறுபதுக்குள் இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் குறையும்.

வெனீர் அந்த அளவுக்குத் தின்னாது. ஈறு ஓரத்தில் 0.3, நடுவில் 0.5 மில்லிமீட்டர் போதும். ஆனால் ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேல்பரப்பு ஆசிடுக்கு எளிதில் மசியாது. வழக்கம்போல 15, 30 விநாடி ஆசிட் பூசிச் சொரசொரப்பாக்கிவிட்டு (எட்ச்) ஒட்டினால் பிடிக்காது. ஒரு நிமிடமோ அதற்கு மேலோ தேவைப்படும். "வெனீர் கழன்றுவிட்டது" என்று வருகிறவர்களிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. முதலில் ஸ்கேலிங் செய்து மேல்கறையை நீக்கிவிட்டு, உண்மையான நிறத்தைப் பாருங்கள். பழுப்பு மேலோட்டமாக இருந்தால் மைக்ரோஅப்ரேஷன் செய்யலாம். ஈறை மறைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டி, 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பேஸ்ட்டை ஒரு நிமிடம் தேய்த்து, கழுவி, பல் ஈரமாக இருக்கும்போதே பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். போவது 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான், 0.2ஐ நெருங்கினால் நிறுத்திவிடுங்கள். ரப்பர் டேம் இல்லாமல் செய்தால் ஈறு வெந்துவிடும். அடுத்தது வீட்டில் செய்யும் பிளீச்சிங்: அளவெடுத்துச் செய்த டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, ராத்திரி தூங்கும்போது, இரண்டு முதல் நாலு வாரம். முதல் சில நாள் வெள்ளைத் திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரியும், பல் கூசும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண் பயந்து மூன்றாம் நாளே டிரேயைத் தூக்கிப் போட்டுவிடுவாள். மிஞ்சும் வெள்ளைத் திட்டுக்கு, திரவ ரெசினை உள்ளே ஊறவிடும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன்; குழி விழுந்த இடத்துக்கு, பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட். பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் காம்போசிட் ஒழுங்காகப் பிடிக்காது.

கூட்டிப் பாருங்கள், எப்படியும் இரண்டு மாதம் ஆகிறது. நிச்சயம் முடிந்து, மண்டபமும் பிடித்து, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வரும் பெண்ணுக்கு இது முடியாது, கேப் முடியும். எங்களுக்குத் தெரிந்து கேப் ஜெயிப்பதற்கு அழகைவிட அவசரமே காரணம். எனவே பேனரில் 'மூன்றே நாளில்' என்று போடுவதற்குப் பதிலாக, 'கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வாருங்கள்' என்று போடலாமே. பத்து நாள்தான் இருக்கிறது என்று வருபவருக்கு ஸ்கேலிங்கும் மைக்ரோஅப்ரேஷனும் செய்து அனுப்பலாம். போட்டோவில் கணிசமான வித்தியாசம் தெரியும், மிச்சத்தை மறுவீடு முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.

லேப்காரர்கள் தரப்பில் ஒரு வார்த்தை. பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வீட்டா ஷேடு கைடில் 16 நிறம் இருக்கிறது. நம்மவர்களின் பல் பெரும்பாலும் ஏ2, ஏ3 பக்கம்தான் வரும். ஆனால் வரும் ஆர்டர் சீட்டில் அந்தப் பதினாறிலும் இல்லாத 'பிஎல்1' என்ற பிளீச் ஷேடு, மேல்வரிசைக்கு மட்டும். கீழ்வரிசைப் போட்டோ வைப்பதே இல்லை. மேலே சுண்ணாம்பு அடித்த சுவர், கீழே அதே பழைய காவி. வாய் திறந்து பேசினால் இரண்டும் சேர்ந்துதான் தெரியும். ஷேடு எடுக்கும்போது பல்லைக் காயவிடாதீர்கள். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும், பழைய நிறத்துக்குத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். லிப்ஸ்டிக்கைத் துடைத்து, பளபளக்கும் புடவையைச் சாம்பல் நிறத் துணியால் மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் கொடுங்கள். பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம் என்று இருக்கும் பெண்ணுக்கு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. ராவிய பல் திரும்ப வளராது என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கூட வந்திருக்கும் தம்பி தங்கைக்கு எட்டு வயதுக்குள் இருந்தால், வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ மிஷின் பெரும்பகுதியை எடுத்துவிடும். பஞ்சாயத்துக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா போர்வெல்லா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்து பார்த்த பிறகும் கேப்தான் வழி என்ற நிலை சிலருக்கு வரும், மறுக்கவில்லை. அப்படிப் போட்டால் எந்தப் பல், என்ன பொருள், என்ன ஷேடு, ஒட்டிய சிமென்ட் எது, தேதி என்ன என்று ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். கல்யாணமாகி மஸ்கட்டுக்கோ ஷார்ஜாவுக்கோ போன இடத்தில் கேப் உடைந்தால், அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லையோரப் பல் மருத்துவர்கள், லேப் டெக்னீஷியன்கள் சிலர்