கதையிடம் கருத்து கேட்காதீர்கள்

நம் மலேசியாவில் தமிழ்ச் சிறுகதைப் போட்டி நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், நடுவர்களாக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பினாங்கிலிருந்து வணக்கம்.

போட்டி விதிமுறைத் தாளில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒரு வரி வரும். ‘கதை சமுதாயத்திற்கு நல்ல கருத்தைக் கூறுவதாக அமைதல் வேண்டும்.’ நான் கலந்துகொண்ட போட்டிகள் பலவற்றில் இந்த வரி இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சொல்லில் சின்ன வரிதான். அதனால் என் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால், ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். கடலுக்கு இக்கரையில், பிறையில் ஃபிளாட் வீடு. தொழிற்சாலை பஸ் விடியுமுன்பே வந்து ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டும். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, இல்லாவிட்டால் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை ஷிஃப்ட். வேலை, பூதக்கண்ணாடிக்குக் கீழே ‘சிப்’ என்கிற மின்னணுச் சில்லைப் பார்ப்பது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் வரிசையாக வளைந்து நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தாலும் ஒன்றை ஒன்று தொட்டாலும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

அந்த அறைக்குள் சாதாரணக் காகிதம் கொண்டுபோக முடியாது. காகிதத்திலிருந்து நார் உதிரும். பென்சில் கூடவே கூடாது, அதன் தூள் மின்சாரம் கடத்தும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, கண் மட்டும் வெளியே. பக்கத்தில் நிற்பது மலாய்க்காரப் பெண்ணா, சீனப் பெண்ணா, நம் பெண்ணா என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் என் கதைகளை அந்த உடுப்புக்குள் இருந்துதான் எழுதினேன். எழுதினேன் என்றால், மனத்துக்குள். ஒரு வாக்கியம் வந்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அடுத்தது வந்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்வேன். ஓய்வு நேரத்தில் வெளியே வந்து, லாக்கரைத் திறந்து, மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்த 555 புத்தகத்தில் கொட்டிவிடுவேன். பதினைந்து நிமிடத்தில் சாப்பாடும் அதுவும் முடிய வேண்டும். ஏழு வாக்கியம்வரை ஒன்றும் உதிராமல் கொண்டுவந்திருக்கிறேன். ஏழைத் தாண்டினால் முதலாவது வாக்கியம் போய்விடும்.

என் முதல் கதை அம்மாவைப் பற்றியது. அதை எழுதும்போது எனக்கு முப்பத்தேழு வயது, அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினாள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தாள். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போவாள், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சேர்ந்ததும் எடுத்துக் கொட்டகையில் நிறுத்துவாள், வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வருவாள். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலின் வாடை தெரியுமா உங்களுக்கு? தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. குளித்தாலும் போகாது. தமிழ்ப்பள்ளி முடித்து நான் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். மூன்றாம் படிவத்தில் ஒரு பரிசளிப்பு நாள். அம்மா வேலைக்காட்டிலிருந்து நேராக, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து மண்டபத்துக் கடைசியில் நின்றாள். பக்கத்தில் இருந்த தோழி யார் அது என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்று சொன்னேன். அம்மாவுக்கு அது கேட்டதா இல்லையா என்று அவள் சாகிறவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. நாட்குறிப்பு எழுதிய காலத்தில் அதிலும் எழுதவில்லை. ‘நான்’ என்று தொடங்கினால் கை உடனே எனக்காக வாதாட ஆரம்பித்துவிடும். சின்ன வயசு, தெரியாமல் சொன்னது, தோழிகள் கேலி செய்வார்கள், இப்படி. அப்புறம் ஒரு நாள் இரவு ஷிஃப்டில் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘வசந்தி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை’ என்று ஒரு வாக்கியம் வந்தது. வசந்தி என்று எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் அவள் திரும்பிப் பார்க்காதது ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வசந்திக்காக நான் வாதாட வேண்டியதில்லை. அவள் பொய் சொல்வதை, சொன்ன பிறகு நாக்கு வறள்வதை, பரிசு வாங்கும்போது கடைசி வரிசையைப் பார்க்காமல் மேடை விளக்கைப் பார்ப்பதை, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்ததுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதையில் அம்மாவுக்கு அது கேட்கிறது. கேட்டும், வீட்டுக்கு வந்து மகளுக்குப் பிடித்த கருவாட்டுச் சம்பல் அரைக்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

எழுதி முடித்த அன்று காலை பஸ்ஸில் நான் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு என்னுள் ஏதோ ஒன்று உட்கார்ந்து இளைப்பாறியது. தொழிற்சாலையில் எனக்கு ஒரு எண் உண்டு. வீட்டில் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா. இவையெல்லாம் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வசந்தியை எழுதியவள் என்கிற ஒருத்தி அன்றைக்குத்தான் வந்தாள். அவள் வந்த பிறகு என் அம்மாவின் வாடை எனக்குக் கூச்சமாக இல்லை. என் பிள்ளைகளிடம் பால்மரக் காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கோவில் திருவிழாவில் யாராவது எந்தத் தோட்டம் என்று கேட்டால் முன்பெல்லாம் பிறை என்று ஊர்ப்பேரைச் சொல்லி முடித்துக்கொள்வேன். இப்போது தோட்டத்தின் பேரையே சொல்கிறேன். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கே இன்று வீட்டுமனைகள் நிற்கின்றன. என் கதையில் மட்டும் அது அப்படியே இருக்கிறது.

சரி, போட்டிக்கு வருகிறேன். அந்தக் கதையை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பரிசு இல்லை. நடுவர் ஒருவரை ஒரு நிகழ்ச்சியில் பார்த்தபோது அவர் அன்பாகத்தான் சொன்னார்: “நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா மகள் திருந்துறதா முடிச்சிருக்கலாம். படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு கருத்து வேணுமில்லையா?” இன்னொன்றும் சொன்னார். அம்மா பேசுகிற இடத்தில் ‘சாயோர்’ என்று மலாய்ச் சொல்லை எழுதியிருந்தேன், அதைக் காய்கறி என்று மாற்றலாம் என்றார். என் அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூடக் காய்கறி என்று சொன்னதில்லை. பாசாருக்குப் போய் சாயோர் வாங்கிவா என்றுதான் சொல்வாள்.

அடுத்த வருடம் இன்னொரு போட்டி. அதே கதையை மாற்றி எழுதினேன். மகள் ஓடிவந்து அம்மாவின் காலில் விழுகிறாள். தாயின் அருமையைப் பற்றி நாலு வரி பேசுகிறாள். சாயோர் காய்கறியாகிவிட்டது. ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கதையை எடுத்துப் படித்தேன், முடிவைப் படிக்க முடியவில்லை. என் அம்மாவின் காலில் நான் விழவே இல்லை. விழாமலே அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். விழுந்ததாக எழுதியபோது, அவளிடம் இரண்டாவது தடவையும் பொய் சொன்னேன். இந்த முறை பரிசுக்காக. அந்தப் பொன்னாடை இன்னும் பிளாஸ்டிக் பையிலேயே இருக்கிறது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் கதைகள் ஏன் கருத்து சொல்லத் தொடங்கின என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது, சாதி இருந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்காட்டுக்குக் கூட்டிப்போகிற வழக்கம் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் கதையை உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தில் அந்தக் கதைக்கு வேறு வேலையும் இருந்தது. அந்தக் கதைகளை எழுதியவர்கள் அதைச் செய்ததால்தான் என்னைப் போன்றவள் படிவம் ஏறினாள்.

ஆனால் அந்தக் காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். ஒரு நாளிதழ் தன் வாசகர்களுக்குக் கதை எழுதப் பாடம் நடத்தி, பயிற்சி கொடுத்து, எழுத்தாளர்களை உருவாக்கியது. அதே 1950களில் எழுத்தாளர் கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் நேசனின் ஆசிரியராக இருந்தபோது, எழுதுகிறவர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். எழுபது வருடத்துக்கு முன்பே நம்மவர்கள் கதையை ஒரு கலையாக, பழகிக் கற்க வேண்டிய தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நினைவு எனக்குப் பெரிய தெம்பு.

1924இல் தொடங்கிய நேசன் 2019இல் நின்றுபோனது. சின்ன வயதில் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டிலிருந்து கைமாறி வரும் அதன் பழைய ஞாயிறு பதிப்பில்தான் நான் முதன்முதலில் கதை படித்தேன். நாட்டின் உயரிய இலக்கிய விருதான சாஸ்தராவான் நெகாரா 1981 முதல் வழங்கப்படுகிறது. அது மலாய் எழுத்துக்குத்தான். தமிழில் எழுதினால் தேசிய இலக்கியம் என்கிற கணக்கில் அது சேராது. ஆக, என்னைப் போல் பெயர் இல்லாத ஒருத்தி தமிழில் எழுதிய கதையை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்றால், பெரும்பாலும் அது உங்கள் போட்டி வழியாகத்தான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாதிரி, பரிசுக் கதைகளைத் தொகுத்து நூலாகப் போட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகள் கிடைக்கும்போதெல்லாம் வாங்கி, ஷிஃப்டில் கூட இருக்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது அவ்வளவு பெரிய கதவு. அதனால்தான் அதில் ஒட்டியிருக்கிற ஒரு வரிக்காக இவ்வளவு பேசுகிறேன்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் மோசமான கதைகள் வருமே என்று பயப்பட வேண்டாம், அந்த வரி இருக்கும்போதும் வருகின்றன. கதாபாத்திரம் அதன் வாயால் பேசட்டும். சாயோர், மங்கு, பெரட்டு எல்லாம் இந்த மண்ணில் நம் நாக்கில் ஊறிய சொற்கள். அவற்றைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பரிசு பெறாத கதைகளுக்கும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கருத்தைப் பற்றி வேண்டாம். எந்த இடத்தில் நீங்கள் நம்பவில்லை, எந்த இடத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்ப ஆசைப்பட்டீர்கள் என்று மட்டும் போதும். எனக்கு அப்படி இரண்டு வரி கிடைத்திருந்தால் முடிவை மாற்றியிருக்க மாட்டேன். முடிந்தால், பரிசுத் தொகையில் ஒரு பகுதியை எடுத்து மறுபடி ஒரு கதை வகுப்பு தொடங்குங்கள். ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களும் வருகிற மாதிரி ஒரு நேரத்தில் வையுங்கள்.

என் ஷிஃப்டில் ஒரு பெண் இருக்கிறாள், இருபத்துநாலு வயது. கைப்பேசியில் எழுதுகிறாள். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கதை வைத்திருப்பதாகச் சொல்லி வாசித்துக் காட்டினாள். அப்பா இறந்த வீட்டில், அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகள் பேசுகிறார்கள். மகள் ஒன்றும் பேசாமல் போய் வண்டியைத் துடைக்கிறாள். எண்ணெய்த் தொட்டியின் ஓரத்தில் அப்பாவின் முழங்கால் தேய்த்துத் தேய்த்துச் சாயம் போன இடம் வந்ததும் துணியை நிறுத்துகிறாள். அங்கே கதை நிற்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. அவளோ விதிமுறைத் தாளைக் காட்டி, “அக்கா, கருத்து வேணுமாம். இதுல எங்கக்கா வைக்கிறது?” என்று கேட்டாள்.

எங்கேயும் வைக்காதே, அப்படியே அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் அவள் கதை உங்கள் மேசைக்கு வரும். என்னுடையதும் வரும். வசந்தி கதையை முதலில் எழுதியபடியே எடுத்து வைத்திருக்கிறேன், கருவாட்டுச் சம்பலோடு.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, எழுத்தாளர்