காற்றுக்குக் கொடுக்கும் காசு

புதுச்சேரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் அப்பாவின் பி.எஸ்.ஏ. எம் 21 என்ற பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளைக் கும்பகோணத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து வெளியே எடுத்து, இஞ்சினைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறாய் என்று படித்தபோது, நாம் இருவரும் பள்ளி நாட்களில் அந்த வண்டியின் பின்சீட்டுக்காகப் போட்டியிட்டது நினைவுக்கு வந்தது. வேலை தொடங்கியதே பெரிய செய்தி. ஆனால் கடிதத்தின் பாதிக்கு மேல் நீ வருந்தி எழுதியிருப்பது தபால் செலவைப் பற்றி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களான ஒரு ரிங் செட்டும், இஞ்சின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கட் செட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க, பொருளின் விலைக்கு ஏறக்குறைய சமமாக அனுப்பும் கட்டணம் கேட்கிறார்கள் என்றும், இப்படியே போனால் வண்டி ஓடுவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். அதே பி.எஸ்.ஏ.வின் எம் 20 ஆன என் வண்டிக்காக ஆறு ஆண்டுகளாக இதே கணக்கைப் போட்டு வருகிறேன். அதில் நான் பணம் கொடுத்துக் கற்றதை நீ கொடுக்காமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் முன் மட்கார்டு ஒன்றைக் கேட்டு எழுதினேன். தகரம்தானே, நாலு கிலோகூட வராது என்று எண்ணி, கட்டணத்தைப் பிறகு சொல்கிறோம் என்ற விற்பனையாளரின் பேச்சுக்கு ஒப்புக்கொண்டு பொருளுக்கான பணத்தை அனுப்பிவிட்டேன். பின்னர் வந்த கூரியர் கணக்கில் எடை 25.5 கிலோ என்று இருந்தது. தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டேன்; தவறு இல்லை. பெட்டியின் நீளம் 85 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 25. இந்த மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் 25.5 வருகிறது. பெரிய கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, இப்படி அளவை வைத்துப் போடும் எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே காசு வாங்குகின்றன, ஏனென்றால் விமானத்தில் அவர்கள் விற்பது இடத்தைத்தான். வளைந்த ஒரு தகரத்தைச் சுற்றியிருந்த காற்றுக்கு நான் 21 கிலோவுக்கு மேல் கட்டணம் கொடுத்தேன். மறு ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தகரப் பட்டறையில் பழைய பின் மட்கார்டை மாதிரியாகக் கொடுத்து, ஓரம் மடித்து, நடுவில் முகடு எடுத்துப் புதிதாகச் செய்து வாங்கியபோது, முன்னதையும் இங்கேயே செய்திருக்கலாமே என்று மனம் மிகவும் வருந்தியது.

ஆகையால் எதையும் கேட்டு எழுதுமுன் பெட்டியின் மூன்று அளவுகளையும் கேட்டு வாங்கு. சைலன்சர் கனமில்லாததுதான், ஆனால் 100 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் சதுரமுமான பெட்டியில் அது 4.5 கிலோ ஆகிவிடுகிறது. சீட்டும் டேங்கும் அதைவிட மோசம். பிஸ்டன், வால்வு, புஷ், பல்சக்கரம் போன்ற கெட்டியான சிறு பொருள்களோ பெட்டியை அடைத்துக்கொண்டு வருபவை. அவற்றுக்கு இந்தக் கணக்கால் பாதகமில்லை. தவிர்க்க முடியாமல் சைலன்சர் வாங்கினால் அதன் குழாய்க்குள்ளேயே வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் துணியில் சுற்றிச் செருகி அனுப்பச் சொல். கேட்டுக்கொண்டால் பெரும்பாலானவர்கள் செய்து தருகிறார்கள். கேட்காவிட்டால் கைக்கு எட்டிய பெரிய பெட்டியில் காகிதத்தை அடைத்துப் போடுகிறார்கள்.

உனக்குச் சொன்ன கட்டணம் கூரியர் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும். ரிங் செட்டும் கேஸ்கட் செட்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். அதற்குக் கூரியர் தேவையே இல்லை. அரசுத் தபாலில் ‘சிறு பொட்டலம்’ என்ற வகை இருக்கிறது. உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த அளவுப்படி அதில் 2 கிலோ வரை அனுப்பலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எந்தப் பக்கமும் 60 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வகையில் பொதுவாக உண்மை எடையைத்தான் பார்க்கிறார்கள். பதிவு எண்ணுடன் அனுப்பச் சொல்வதற்குச் சிறிது கூடுதலாக ஆகும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. இரண்டு எழுத்து, ஒன்பது எண், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் கொண்ட அந்த எண் இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் ஒன்றேதான். பொட்டலம் எந்த நிலையத்தில் தங்கியிருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், தொலைந்தால் கேட்பதற்கும் பிடி இருக்கும். எண் இல்லாமல் வந்த ஒரு பொட்டலத்துக்காக இரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்கு நான் பலமுறை நடந்திருக்கிறேன். அங்கிருந்தவர்கள் பொறுமையாகத்தான் தேடினார்கள். எண் இல்லாததை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அடுத்தது, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்த காரணமே இதுதான். தபால் கட்டணம் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. முதல் கால் கிலோவுக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். அதன் பிறகு சேரும் ஒவ்வொரு கால் கிலோவுக்கும் கட்டணம் கொஞ்சம்தான் கூடுகிறது. நான்கு முறை தனித்தனியாக வரவழைப்பவன் அந்த முதல் கால் கிலோவின் விலையை நான்கு முறை கொடுக்கிறான். அவசரம்தான் தபால் செலவின் பெரும்பகுதி என்பது என் அனுபவம். இப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேவைப்படுவதை எல்லாம் பகுதி எண்ணுடனும் எடையுடனும் குறித்து வைத்து, 2 கிலோவை ஒட்டி வரும்போது மட்டுமே கேட்டு எழுதுகிறேன். எடையைப் பழைய பாகத்தைச் சமையலறைத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம்.

உன் வண்டியும் என் வண்டியும் ஒரே பர்மிங்காம் தொழிற்சாலையில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது இங்கேதான் நமக்குக் கைகொடுக்கிறது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் என்னுடையதில் 94, உன்னுடையதில் 112, அதனால்தான் என் இஞ்சின் 496 சி.சி., உன்னுடையது 591. ஆகவே ரிங் செட்டு இரண்டுக்கும் ஒன்றே. அமால் கார்பரேட்டரின் ஊசி, ஜெட், மேக்னெட்டோவின் கரித்துண்டு, வால்வு கைடு ஆகியவற்றையும் ஒரே கடையில் ஒன்றாகவே கேட்கலாம், எண்ணை மட்டும் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பாகங்களைச் சேர்க்காதே: என்னுடையது போர்க்கால வண்டி, பழைய கர்டர் ஃபோர்க், உன் அப்பா வாங்கியது பிந்தைய ஆண்டு, டெலஸ்கோப்பிக். தவறான பாகம் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு நம்மைச் சேர்ந்தது, அது வந்த செலவைவிடக் கூடுதலாகவே இருக்கும். வண்டியின் ஆண்டையும் இஞ்சின் எண்ணையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி, இந்த எண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

விலையிலும் ஒன்றைக் கவனி. இங்கிலாந்துக் கடைகள் காட்டும் விலையில் அவர்கள் நாட்டு மதிப்புக் கூட்டு வரி 20 சதம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். நாட்டுக்கு வெளியே போகும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. 60 பவுண்டு என்று போட்டிருப்பதை, இந்தியாவுக்கு அனுப்புவதால் 50 பவுண்டுக்குத் தர வேண்டும். அந்த 10 பவுண்டு தபால் செலவில் ஒரு நல்ல பகுதியை ஈடுகட்டிவிடும். சில கடைகள் தாமாகவே கழித்துவிடுகின்றன, சிலவற்றில் கேட்டால்தான் உண்டு. வீட்டிலிருந்து ஒன்றிரண்டு பாகங்கள் விற்பவர்கள் வரிப் பதிவு இல்லாதவர்கள், அவர்களிடம் கழிக்க எதுவும் இராது.

சுங்கத் தீர்வையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் தபால் செலவோடு அது பிணைந்திருப்பதால் சொல்கிறேன். நம் நாட்டில் தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கொண்டுவரும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்கே போடப்படுகிறது. எனவே தபாலில் நீ மிச்சப்படுத்துவது பல வேளைகளில் தீர்வையையும் சிறிது குறைக்கும். விமானத்தில் வரும் சரக்குக்கு, பொருள் விலையில் 20 சதத்துக்கு மேல் அனுப்பும் கட்டணத்தை மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டுச் சுங்க மதிப்பீட்டு விதிகளில் இருக்கிறது. அதனால் பொருள் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் பிரித்துக் காட்டும் ரசீதைப் பொட்டலத்தின் மேலேயே ஒட்டச் சொல். தபாலில் வந்தால் தீர்வையைத் தபால்காரரிடம் வாசலிலேயே கட்டிவிடலாம். கூரியரில் வந்தால் அதற்கு மேல் அவர்களுடைய சேவைக் கட்டணமும் சேரும்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லலாம், அன்பளிப்பு என்று போடச் சொல்லலாம் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதே. அன்பளிப்புக்கு முன்பு இருந்த சிறு தீர்வை விலக்கு 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பொய் விலை போட்ட பொட்டலம் தொலைந்தால் ஈடு கேட்கும்போது அந்தப் பொய் விலைதான் கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விட, உன் அப்பா ஒரு ரூபாய் ரசீதுகூடக் கிழிக்காமல் வைத்திருந்த வண்டிக்குப் பொய்க் கணக்கில் ஒரு பாகம் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. பயன்படுத்திய பழைய பாகங்களை வரவழைப்பதற்கு இறக்குமதிக் கொள்கையில் கட்டுப்பாடு இருப்பதால், புதிதாகச் செய்தவற்றையோ, அந்தக் காலத்திலேயே செய்து பயன்படுத்தாமல் இருப்பில் கிடப்பவற்றையோ தேடுவதே நல்லது. அமால் கார்பரேட்டர் இன்றைக்கும் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் புதிதாகவே செய்யப்படுகிறது என்பது நமக்கு ஒரு பேறு.

புதுச்சேரியில் இருக்கும் உனக்கென்ன, பிரான்சில் உறவினர்கள் இருப்பார்களே என்று எழுதியிருந்தாய். இருக்கிறார்கள். என் தங்கை குடும்பம் பாரிஸ் அருகில்தான் வசிக்கிறது; முன்பெல்லாம் இங்கிலாந்துக் கடைகளிலிருந்து அவர்கள் முகவரிக்கு அனுப்பச் செய்து, விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வேன். 2021 ஜனவரி 1 முதல் அந்த வழி பயனற்றுப் போய்விட்டது. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே போய்விட்டதால், அங்கிருந்து பிரான்சுக்குப் போகும் பொட்டலத்துக்கும் சுங்கச் சோதனை உண்டு, பிரான்சின் 20 சத வரியும் உண்டு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் போருக்குப் பின் விட்டுச் செல்லப்பட்ட எம் 20 வண்டிகள் நிறைய இருந்ததால் அங்கேயும் இந்தப் பாகங்கள் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதற்கு மட்டும் தங்கையின் முகவரியை இப்போதும் பயன்படுத்துகிறேன். அப்படி வருவதையும் விமான நிலையத்தில் வரம்புக்கு மேற்பட்டால் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும் எதையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

நட்டு, போல்ட்டு, பேரிங், கேபிள் இவற்றை எக்காரணம் கொண்டும் அங்கிருந்து கேட்காதே. பேரிங்குகள் அங்குல அளவில் இருந்தாலும் மேலே பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் சென்னையில் கிடைக்கின்றன. கேபிளின் முனையை இங்கேயே பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். தட்டாஞ்சாவடியில் நான் போகும் லேத் பட்டறையில் அந்தப் பழைய ஆங்கிலத் திரெட்டுகளுக்கான டை இருக்கிறது. என் வண்டியின் ஸ்டட்டுகள் எல்லாம் அங்கே கடைந்தவை. இரும்பு கனமானது, அதிலும் எளிதாகச் செய்யக்கூடிய இரும்பைக் கடல் தாண்டிக் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. நீ இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வை. என் பட்டியலில் இப்போது 1.1 கிலோ சேர்ந்திருக்கிறது. உன்னுடைய இரண்டு செட்டுகளோடு மீதமிருக்கும் இடத்துக்கு என்ன வேண்டுமோ அதையும் எடையோடு எழுதி அனுப்பு, பொட்டலத்தின் எடைக்காக 200 கிராம் விட்டுவிட்டுக் கணக்குப் போடு. பொட்டலமும் ரசீதும் என் பெயரில் இருக்கட்டும். தபாலையும் தீர்வையையும் எடைப்படியும் விலைப்படியும் பிரித்துக்கொள்வோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்பதால் இந்த மாத இறுதிக்குள் எழுதியாக வேண்டும். சிலிண்டரை இதற்கு முன் உள்ளே கடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்களா என்று தெரியாமல் ரிங் கேட்கக் கூடாது. பிஸ்டன் தலையில், அகலப்படுத்திய அளவைக் காட்டும் 20 அல்லது 40 என்று ஏதாவது பொறித்திருக்கிறதா என்று கரியைத் துடைத்துப் பார்த்து, அந்த எண்ணை மறக்காமல் எழுது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய நண்பன்